காக்கா ஆழியும் கப்பல் தண்ணீரும்

எண்ணூர்க் கழிமுகத்தில் தரை தெரியாமல் படர்ந்து, இறால் சேற்றில் புதைய இடமில்லாமல் செய்கிறது காக்கா ஆழி என்ற சிப்பி. "தென் அமெரிக்கச் சிப்பி இங்கே எப்படி வந்தது? கப்பல்கள் தண்ணீரைச் சுத்தம் செய்துதானே விட வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஆமாம், செய்ய வேண்டும். சரக்கை இறக்கிய கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க அந்தத் துறைமுகத்துத் தண்ணீரையே தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும். அடுத்த ஊரில் சரக்கு ஏற ஏற அதை வெளியே விடும். இதுதான் பேலஸ்ட் தண்ணீர். சிப்பிக் குஞ்சு, பாசி, காலராக் கிருமி எல்லாமே அதில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்யும். 2004இல் உருவாகி 2017 செப்டம்பரில் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையின்படி, முதலில் நடுக்கடலில் தண்ணீரை மாற்றினாலே போதும் என்றிருந்தது. இப்போது விதி கடுமை: 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டரில் 10-க்கும் குறைவாகவே இருக்கலாம்.

பெரியவற்றை வடிகட்டி பிடித்துவிடும். மிச்சத்துக்குப் பல கப்பல்களில் புற ஊதா விளக்கு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்த ஒளி பட்டதும் பாசி உடனே செத்துவிடுவதில்லை. அதன் டிஎன்ஏ இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள் (டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தாள்கள் ஒட்டிப்போன பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க முடியாதல்லவா? பாசி நீந்தும், ஆனால் பெருகாது. "செத்ததா என்று காட்டு" என்றது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. பெருகாவிட்டால் போதும் என்றார்கள் விளக்கு தயாரிப்பவர்கள். வருடக்கணக்கில் நடந்த இந்த வழக்கில் என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கே.

ஒரு சிக்கல் உண்டு. அந்த ஒட்டலைப் பிரிக்கும் நொதி சில பாசிகளிடம் இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய நீல ஒளி வேண்டும். தொட்டிக்குள்ளோ கும்மிருட்டு, அங்கே அதன் பருப்பு வேகாது. தண்ணீரை வெளியே விடும்போது இன்னொரு முறையும் விளக்கைக் காட்டிவிடுவார்கள்.

சரி, எண்ணூர்? அங்கே வருபவற்றில் நிறைய நிலக்கரி இறக்கும் கப்பல்கள். அவை தண்ணீரை விடுவதைவிட ஏற்றிக்கொண்டு போவதே அதிகம். அதனால் எனக்கு இன்னொரு வழியின் மேலும் சந்தேகம்: கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதற்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் வழிகாட்டுதல்கள்தான் இருக்கின்றன, கட்டாய விதி கிடையாது. துறைமுக நீரில் என்ன நீந்துகிறது, எது ஒட்டுகிறது என்று தொடர்ந்து பார்க்க ஆளும் பணமும் ஒதுக்கினால், ஆறு மூடிய பிறகு சிப்பியைத் தோண்டும் செலவாவது குறையும்.