கறுப்பு வெள்ளை ஆக்கினால் கலை ஆகிவிடாது

போன கிழமையும் ஒரு பிள்ளை என் ஸ்ரூடியோவுக்கு வந்தது. போனில் அதன் அம்மம்மாவின் முகம், கறுப்பு வெள்ளையில்; யாரோ ஒரு பொடியன் கேட்காமல் எடுத்து இணையத்தில் போட்டது. கீழே 'பசி' என்று தலைப்பு. "அண்ணை, இதை எப்படி அழிக்கிறது?"

அம்மம்மா சம்மாட்டி வீட்டுக்காரி, வலையும் வள்ளமும் சொந்தமாய் உள்ள வீடு. கரைவலைப் பங்கு பிரிக்கிற இடத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவ. பசியாம்! இந்த வருஷம் இது எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எடுத்த பொடியனைக் கேட்டால், "அவெடன் செய்யாததா?" என்கிறான்.

தம்பி, அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் 1942இல் அமெரிக்க வணிகக் கப்பல் சேவையில் அடையாளப் படம் எடுத்துத் தொழில் பழகியவர். (பாஸ்போர்ட் படக்காரன் என்று எங்களை இளக்காரமாய்ப் பார்க்கிறவர்கள் கவனிக்க.) 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்கில் சுரங்கத் தொழிலாளர், வீடற்றவர் என 700க்கும் மேற்பட்டோரை எடுத்தார். 1985இல் டெக்சாஸில் கண்காட்சி வைத்தபோது ஏழைகளை வைத்துப் பேர் வாங்குகிறார் என்று ஏசினார்கள். அந்த ஏச்சில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் ஒளித்து எடுக்கவில்லை. 8க்கு 10 அங்குலப் பிலிம் போடும் பெரிய கமரா, முக்காலி, பின்னால் வெள்ளைக் கடதாசி. கமராவுக்குப் பின்னால் மறையாமல் பக்கத்தில் நின்று ஆளின் கண்ணைப் பார்த்துத்தான் எடுத்தார். உடம்பெல்லாம் தேனீ மொய்க்க நிற்கிற மனிதரின் படம் தெரியுமா? தேனீ வளர்ப்போர் சஞ்சிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடிய ஆள் அவர். ராணித் தேனீயின் வாசத்தைப் பூசி 1981இல் எடுத்தது. எல்லாப் புகைப்படங்களும் துல்லியமானவை, ஆனால் எதுவும் உண்மை இல்லை என்று அவரே எழுதியும் வைத்தார்.

கறுப்பு வெள்ளை உண்மையைக் காட்டும் என்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். சேலையின் மஞ்சள் போகிறது, வள்ளத்தின் நீலம் போகிறது, மிஞ்சுவது சுருக்கம் மட்டும். அதையும் கொன்ட்ராஸ்ட் (வெளிச்சம் இருட்டு வித்தியாசம்) ஏற்றி ஆழமாக்குகிறீர்கள். அது அம்மம்மாவின் துயரம் இல்லை, உங்கள் விரல் செய்த வேலை.

"எடுக்கட்டோ?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நடையைக் கட்டுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள், எங்கே போடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளை என்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள். திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில், செத்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வந்தவரின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பிள்ளைக்குச் சொன்னது இதுதான்: முதலில் ஸ்கிரீன்ஷொட் எடு, இணைப்பைச் சேமி, பிறகு அந்தத் தளத்துக்கு முறைப்பாடு போடு. பொடியனுக்கு நானும் எழுதினேன். படத்தை நீக்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறான். இப்போது 'முதுமை'யாம்.