பாதீடு: பையிலிருந்து பங்குக்கு

இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாளை முதல்முறை கையில் எடுக்கும் தமிழ்நாட்டு வாசகர் தடுக்கி நிற்கும் சொற்களில் ஒன்று 'பாதீடு'. பாதியா, பாதிப்பா என்று யோசிப்பார். வேறொன்றுமில்லை, பட்ஜெட்தான்.

பட்ஜெட் என்பது பழைய பிரெஞ்சு மொழியில் சின்னத் தோல்பையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் நிதியமைச்சர் அரசின் கணக்கை எடுத்துவைப்பதைப் 'பையைத் திறப்பது' என்று சொல்லிப் பழகி, கடைசியில் பையின் பெயரே கணக்குக்கு வந்துவிட்டது. நம் இலக்கணத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். தமிழ்நாட்டில் இதையே வரவு செலவுத் திட்டம், நிதிநிலை அறிக்கை என்கிறோம். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் அவற்றில் கணக்குப்பிள்ளை தெரிகிறார்; பங்கு கேட்டு நிற்கும் ஊர்கள் தெரிவதில்லை.

பாதீட்டில் அவை தெரியும். பகு என்ற வேரில் பிறந்த பகுத்து என்பது 'பாத்து' என்று சுருங்கும். பகிர்ந்து உண்பதைத் திருக்குறள் 'பாத்தூண்' என்கிறது. பகுதி சுருங்கிப் பாதி ஆனதும், தோட்டத்துப் பாத்தியும் இதே குடும்பம். இடு என்பது நீண்டு ஈடு ஆகும், ஒதுக்கீடு, பங்கீடு போல. ஆக, பாதீடு என்றால் பகுத்து இடுவது.

மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை இழுத்து அதன் வாயை அடைத்து, அடுத்ததைத் திறந்துவிடுவார்கள். முதல் பாத்தியில் அசந்து நின்றால் கடைசிப் பாத்திச் செடி வாடும். கடைமடைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொல்காப்பியத்தில் பாதீடு, மாடு கவரும் போரைச் சொல்லும் வெட்சித்திணையின் ஒரு துறை, அதாவது உட்பிரிவு. பகைவரிடமிருந்து கவர்ந்துவந்த ஆநிரையை வீரர்கள் தமக்குள் பிரித்துக்கொள்வது. எந்த அளவில்? பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை விடை சொல்கிறது: அவரவர் செய்த வினையை அறிந்து கொடுப்பது. நன்றாக உழைத்தவனுக்குக் கூடுதல் மாடு.

இன்றைய அரசுகள் அந்த அளவுகோலைப் பெரும்பாலும் திருப்பிப் போட்டிருக்கின்றன. இலங்கையில் 1987இன் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளோடு ஒரு நிதி ஆணைக்குழுவையும் கொண்டுவந்தது. 9 மாகாணங்களுக்கும் நிதியைப் பிரிக்க அது பார்க்கவேண்டியவை: மக்கள்தொகை, தனிநபர் வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கவேண்டிய தேவை, மிகக் கூடிய வருமானமுள்ள மாகாணத்துக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி. வினை இந்தப் பட்டியலில் இல்லை, இல்லாமை இருக்கிறது.

இந்தியாவின் 15ஆவது நிதிக்குழு, 2021-26க்கான வரிப்பங்கை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது வருமான இடைவெளிக்கு 45% எடை தந்தது. பிறப்பு விகிதத்தைக் குறைத்த சாதனைக்கு 12.5%. வரி திரட்டும் முயற்சிக்கு வெறும் 2.5%. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079%, உத்தரப் பிரதேசத்துக்கு 17.939%. 'நன்றாகச் செய்ததற்குத் தண்டனையா?' என்று சென்னையிலிருந்து எழும் குரல், யோசித்தால், வெட்சி வீரனின் பழைய குரல்தான். எனக்கு அந்தக் குரலில் நியாயம் படுகிறது. ஆனால் கடைசிப் பாத்திக்காரனிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். பாதீட்டு உரை, பாதீட்டு விவாதம் என்று இச்சொல் அழகாக வளைந்துகொடுக்கிறது. நான்கு சொல் நீளமுள்ள தொடர்களை ஒட்டவேண்டிய தொல்லை இல்லை. ஒரு துறைக்கோ ஊருக்கோ எடுத்துவைக்கும் தொகை ஒதுக்கீடு. மத்திய அரசின் வரியிலிருந்து மாநிலத்துக்கு வருவது நிதிப் பகிர்வு. அதற்குப் பாதீடு வேண்டாம். ஆண்டுக் கணக்கு முழுவதற்கும் மட்டும் பாதீடு என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. 'பாதிடு' என்று குறிலாக எழுதுவது பிழை.