108-ஐக் கூப்பிட்டால் முதலில் எதைச் சொல்வது?

பக்கத்துத் தோட்டத்து அப்புச்சிக்கு நெஞ்சு வலி. பேரன் 108-ஐக் கூப்பிட்டு, "உடம்பு முடியலைங்க, சீக்கிரம் வாங்க" என்றான். ஊர்? "செட்டிபாளையமுங்க." கோவைப் பக்கம் ஒரு செட்டிபாளையம், கரூர்ப் பக்கம் ஒன்று. போனை எடுத்தவர் இருப்பதோ சென்னையில்.

2008 செப்டம்பரில் வந்த சேவை, காசு கிடையாது. வரலாறு அவ்வளவு போதும்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர் வீட்டில் தாலுகா எது என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் மாவட்டம், தாலுகா, ஊர், பிறகு பால் சொசைட்டி, ரேஷன் கடை மாதிரி ஓர் அடையாளம், இதே வரிசையில் சொல்லுங்கள். அதோடு நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி, ரத்தம் போகிறதா. வென்டிலேட்டர் வண்டி வேறு, சாதா வண்டி வேறு. "உடம்பு முடியலை" என்பதை வைத்து எதை அனுப்புவார்கள்?

கூப்பிட்ட போனிலேயே சித்தப்பா, மாமா எல்லோருக்கும் சேதி சொல்லாதீர்கள். வண்டிக்காரர் வழி கேட்டு அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். சாளை (தோட்டத்து வீடு) உள்ளே தள்ளி இருந்தால் பாதை பிரியும் இடத்தில் டார்ச்சோடு ஓர் ஆள் நிற்கட்டும்.

தாலுகா ஆஸ்பத்திரியில் பெருந்துறைக்கோ கோவைக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, "வண்டி நீங்களே பார்த்துக்குங்க" என்றால் தலையாட்டாதீர்கள். அரசு ஆஸ்பத்திரி மாற்றி அனுப்புவதற்கும் 108 உண்டு, இலவசம்தான். கூப்பிட வேண்டியது அவர்கள். வாசலில் நிற்கும் தனியார் வண்டியில் ஏறிவிட்டால் அந்தக் காசு திரும்பாது.

சாலை விபத்து என்றால் கூத்து வேறு. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்க வேண்டியதில்லை, வெளி மாநிலத்தாராக இருந்தாலும் சரி. அப்படியிருந்தும் என் சொந்தக்காரர் ஒருவரைத் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடத்திவிட்டு, அட்டை எடுத்துவரச் சொல்லி வீட்டுக்கு விரட்டினார்கள். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் பேர், விலாசம் தர வேண்டிய கட்டாயமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகள் அதைத்தான் சொல்கின்றன. போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடவும் கூடாது.

ஒன்று மட்டும் கவனம். எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் திட்டத்தில் இல்லை. திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் 48 மணி நேரம் முடிந்தால் பில் ஓட ஆரம்பிக்கலாம். வண்டி கிளம்பும்போதே மருத்துவ உதவியாளரிடம் கேட்டுவிடுங்கள்: "போற ஆஸ்பத்திரி 48-ல இருக்குதுங்களா?"