பிக்அப் வாங்குமுன் கிட்டாரின் குரலைக் கேளுங்கள்

மின் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம் பிக்அப். அதில் மூன்றாவது ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். முதல் இரண்டு ஜோடிகளும் அவருக்குத் திருப்தி தரவில்லை. "சத்தம் வருகிறது, தெளிவு வரவில்லை" என்றார். புதிதாக வாங்கியிருந்தது முந்தைய இரண்டைக் காட்டிலும் வலிமையானது.

நான் பற்றவைக்கும் கருவியைத் தொடவில்லை. கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் இணைக்கவும் இல்லை. அதன் உடலின் மேல்விளிம்பில் காதை ஒட்டவைத்து, ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டினேன். தடித்த தந்திகள் அடர்த்தியாக ஒலித்தன, கார்வையும் நீண்டது. மெல்லிய தந்திகளோ மீட்டிய கணமே மங்கின. இயல்பிலேயே கனத்த, சற்றுக் கம்மிய குரல் கொண்ட கிட்டார் அது. அதில் ஏற்கெனவே இருந்த ஹம்பக்கரின், அதாவது இரட்டைச் சுருள் பிக்அப்பின், மின்தடையை மீட்டரில் அளந்தேன்: 16 கிலோ ஓம். கம்பியை நிறையச் சுற்றி, உச்ச ஒலிகளை மழுக்கும் ரகம். கம்பளி போர்த்தியிருந்தவருக்கு மேலும் ஒரு கம்பளி போர்த்தியிருக்கிறார்கள்.

பிக்அப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மரத்தின் ஒலி நேரடியாக அதன் காதில் விழுவதில்லை. ஆனால் எந்த அதிர்வு தந்தியில் நிலைக்கும், எது சீக்கிரம் அடங்கிவிடும் என்பதை உடலும் கழுத்தும் உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. தந்தியில் இல்லாமல் போனதை எந்தப் பிக்அப்பும் உண்டாக்கித் தராது. இருப்பதில் எதை முன்னே நிறுத்துவது, எதைப் பின்னே தள்ளுவது என்பதுதான் அதன் வேலை. மரத்தின் பெயரை வைத்துக் குரலைக் கணிப்பதையும் நான் விட்டுவிட்டேன். ஒரே மாடலில், ஒரே மரத்தில் செய்த இரண்டு கிட்டார்கள் வெவ்வேறு குரலில் பாடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பலர் ஏமாறுவது கிலோ ஓம் கணக்கில்தான். எண் கூடினால் தரமும் கூடும் என்று நினைத்துவிடுகிறார்கள். கம்பியின் சுற்றுகள் கூடக்கூட வெளிவரும் ஒலி வலுக்கும், உண்மைதான். அதோடு சுருளின் தூண்டல் திறனும் உயர்ந்து, ஒத்ததிர்வு முகடு, அதாவது பிக்அப் மிகவும் தூக்கிக் காட்டும் அதிர்வெண், கீழே இறங்கும். உச்ச ஒலிகள் மழுங்கும். மேலும், 42-ஆம் எண் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43-ஆம் எண் கம்பியைச் சுற்றினால், சுற்றுகள் அதே அளவாக இருந்தாலும் மின்தடை ஏறிவிடும். ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு பிக்அப்களை ஒப்பிடுவது சரியாகாது. சேத் லவர் வடிவமைத்து, 1957-இல் கிப்சன் கிட்டார்களில் இடம்பெற்ற ஹம்பக்கர்களை இன்றும் தேடி அலைகிறார்கள். அவற்றின் மின்தடை ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ ஓம் வரைதான்.

நான் பின்பற்றும் வழி, கிட்டாரில் குறைவதைப் பிக்அப்பில் தேடுவது. கம்மிய குரலுக்குக் குறைந்த சுற்றுகளும் அல்னிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தமும் கொண்ட பிக்அப். கீழ் ஒலிகள் இறுகி, மேல் ஒலிகள் துலங்கும். காதைக் குத்தும் கூர்மையான குரலுக்கு அல்னிகோ 2 போன்ற மென்மையான காந்தமோ, சற்றே கூடுதல் சுற்றோ பொருந்தும். செராமிக் காந்தம் மட்டமானது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நல்ல சமநிலையான கிட்டாரில், கனத்த டிஸ்டார்ஷனில் (கரகரப்பாகச் சிதைத்த ஒலியில்) வாசிப்பவருக்கு அது தரும் இறுக்கத்தை வேறெதிலும் எளிதில் பெற முடியாது.

வாங்கும் முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகளான ப்ரெட்டுகளில் கடைசியில் தந்தியை அழுத்தியபடி, பிக்அப்புக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தேவைப்பட்டால் பிக்அப்பின் திருகுகளைத் திருகிச் சரிசெய்யுங்கள். ஹம்பக்கருக்கு 1.6 மில்லிமீட்டரும், பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்அப்) 2 முதல் 2.4 மில்லிமீட்டரும் நல்ல தொடக்கம். சிங்கிள் காயிலை மிக நெருக்கமாக ஏற்றிவைத்தால் காந்தம் தந்தியை இழுக்கும். மேல் ப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும், கார்வை குறையும். இதைப் பிக்அப்பின் குறை என்று எண்ணி விற்றுவிட்டவர்களை நான் அறிவேன். வால்யூம் குமிழின் அடியில் உள்ள மாறும் மின்தடையான பொட்டென்ஷியோமீட்டரையும் பாருங்கள்: ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், சிங்கிள் காயிலுக்கு 250 என்பது வழக்கம். ஹம்பக்கருடன் 250 இருந்தால் கிட்டார் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். அதை மாற்ற ஆகும் செலவு மிகச் சிறியது. தந்திகளும் பழையவை என்றால் முதலில் அவற்றை மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

தொழிலில் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பிக்அப்களை ஒரே கிட்டாரில் பொருத்தினேன். தனித்தனியே இரண்டும் அருமை. இரண்டும் சேர்ந்து ஒலிக்கச் சுவிட்சை நடுவில் வைத்ததும் ஒலி தகரம்போல மெலிந்து, மூக்கால் பாடியது. இரண்டின் சிக்னல்களும் எதிரெதிர்த் திசையில் இருந்ததால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டிருந்தன. இப்போதெல்லாம் பொருத்துவதற்கு முன்பே முள் மீட்டரில் இணைத்து, ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பிக்அப்பின் முனையில் வைத்துச் சட்டென்று எடுப்பேன். இரண்டுக்கும் முள் ஒரே பக்கம் துள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் துள்ளினால் ஒன்றின் கம்பிகளை மாற்றி இணைக்கலாம். ஆனால் உலோக மூடிக்குத் தனி எர்த் கம்பி இல்லாத பிக்அப்பில் அப்படி மாற்றினால் மூடியே சிக்னலைச் சுமந்து இரைச்சலை இழுக்கும். அதனால் நான்கு கம்பிகளும் தனி எர்த்தும் உள்ளதையே வாங்கச் சொல்கிறேன். பிரிட்ஜ் பக்கத்துக்கு வாங்கும்போது முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையே உள்ள அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். கிப்சன் பாணிக்கு ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், ஃபெண்டர் பாணிக்கு 52 அல்லது 53.

அந்தக் கிட்டாருக்கு வருகிறேன். புதுப் பெட்டியைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பிரிட்ஜில் 8 கிலோ ஓம், நெக்கில் (கழுத்துப் பக்கம்) 7.4 கிலோ ஓம் உள்ள ஹம்பக்கர்களைப் பொருத்தினேன். நெக் பக்கம் தந்தியின் அசைவு பெரிது. அங்கே பெரும்பாலும் வலிமை குறைந்த பிக்அப்பே நல்லது. அவர் ஒரு திறந்த கார்டைத் தட்டிவிட்டு, தந்திகள் அடங்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு அதையே இன்னும் மெதுவாக, ஒவ்வொரு தந்தியாக வாசித்தார். மெல்லிய இரண்டு தந்திகளும் இம்முறை தனித்துக் கேட்டன.