‘ஏன் செய்தாய்?’ என்று கேட்காத சட்டம்: அரசு ரகசியம், ஒப்படைப்பு, அதிபர் மன்னிப்பு

2013 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க உளவு அமைப்பின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் ஹாங்காங்கில் மாஸ்கோ விமானம் ஏறினார். அவரைத் தற்காலிகமாகக் கைது செய்யும்படி அமெரிக்கா கேட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. முந்தைய நாளே அவருடைய கடவுச்சீட்டையும் ரத்து செய்துவிட்டது. ஆனாலும் ஹாங்காங்கில் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

ஏன் என்று கேட்டபோது, வந்த ஆவணங்களில் குறை இருந்தது என்றது ஹாங்காங் அரசு. அங்குள்ள குடிவரவுப் பதிவேட்டில் அவருடைய நடுப்பெயர் ‘ஜோசப்’. அமெரிக்கா அனுப்பிய தாள்களில் ஓரிடத்தில் ‘ஜேம்ஸ்’, இன்னோரிடத்தில் வெறும் ‘ஜே’. கடவுச்சீட்டு எண்ணையே காணோம். விளக்கம் கேட்டிருக்கிறோம், அது வராமல் ஒருவரைப் பிடித்துவைக்க எங்கள் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அவருடைய முகம் அப்போது எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டிருந்தது, அடையாளத்தில் என்ன சந்தேகம் என்று அமெரிக்கா கொதித்தது. ஹாங்காங் அசையவில்லை.

அரசு ரகசியத்தை வெளியே கொண்டுவருகிற விசில்ப்ளோயரின் தலைவிதி பெரும்பாலும் இப்படித்தான், தாள்களிலும் சட்டப் பிரிவுகளிலும் தீர்மானமாகிறது. அவர் வெளியிட்டது உண்மையா, மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதா என்பதுதான் நமக்கு முதலில் தோன்றும் கேள்வி. குற்றச்சாட்டிலிருந்து அதிபரின் மேசைவரை அந்தக் கேள்விக்கு எங்கெல்லாம் இடம் இருக்கிறது, எங்கெல்லாம் இல்லை என்று பார்த்தால் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும்.

1917-இன் சட்டம்

ஸ்னோடன் மீது வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் 2013 ஜூன் 14 அன்று பதிவான குற்றச்சாட்டுகள் மூன்று. ஒன்று, அரசுச் சொத்தைத் திருடியது. மற்ற இரண்டும் 1917-இல் முதல் உலகப்போரின்போது இயற்றிய உளவுச் சட்டத்தின் வழி வந்தவை: தேசப் பாதுகாப்புத் தகவலை உரிமையற்றவருக்குக் கொடுத்தது, தகவல்தொடர்பு உளவு பற்றிய ரகசியத்தை வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10 ஆண்டு சிறை.

இந்த உளவுச் சட்டத்தின் 793-ஆம் பிரிவை எழுத்தெண்ணிப் படித்தால் ஒன்று தெரியும். தகவலைப் பெற்றவர் எதிரி நாட்டு உளவாளியா, நாளிதழ் நிருபரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. பெறுவதற்கு உரிமை இல்லாத யாராக இருந்தாலும் சரி. நாட்டுக்குக் கேடு செய்யவேண்டும் என்ற எண்ணம் இருந்ததாக அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை. கேடு வரக்கூடும் என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தது, தெரிந்தே கொடுத்தார் என்று காட்டினால் போதும். காசு வாங்கினாரா, சும்மா கொடுத்தாரா என்பதும் பொருட்டில்லை. ‘பொதுநலனுக்காகச் செய்தேன்’ என்ற எதிர்வாதத்துக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

வியட்நாம் போர் பற்றிய 7,000 பக்க ரகசிய ஆய்வை 1971-இல் பத்திரிகைகளுக்குக் கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க் இதை நேரில் கண்டார். எதற்காக நகலெடுத்தீர்கள் என்று அவருடைய வழக்கறிஞரே நீதிமன்றத்தில் கேட்டார். அரசுத் தரப்பு ஆட்சேபித்தது, நீதிபதி கேள்வியைத் தள்ளினார். அவர் தப்பியது வேறு காரணத்தால். அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை அரசாங்க ஆட்களே உடைத்து நுழைந்தது அம்பலமாகி, 1973 மே 11 அன்று வழக்கு தள்ளுபடியானது. 115 ஆண்டுவரை சிறை கிடைத்திருக்கக்கூடிய வழக்கு அது. ட்ரோன் தாக்குதல் ஆவணங்களை வெளியிட்ட டேனியல் ஹேல் 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபின், தண்டனை விதிக்கும் கட்டத்தில்தான் தன் மனச்சாட்சியைப் பற்றிப் பேச முடிந்தது. நீதிபதிக்குக் கையால் ஒரு கடிதம் எழுதினார். 45 மாதம் சிறை கிடைத்தது. குற்றவாளியா இல்லையா என்று முடிவாகும்வரை நோக்கம் வாசலுக்கு வெளியே நிற்கும். எத்தனை மாதம் என்று கணக்குப் போடும்போதுதான் உள்ளே வரும்.

முறைப்படி உள்ளுக்குள்ளேயே புகார் கொடுத்திருக்கலாமே என்று பலர் கேட்பார்கள். வழி இருக்கிறது. 1998-இன் உளவுத்துறை விசில்ப்ளோயர் சட்டப்படி ஊழியர் தம் அமைப்பின் தலைமை ஆய்வாளரிடம் ‘அவசரக் கவலை’ என்று புகார் தரலாம். அது நம்பத்தகுந்ததா என்று ஆய்வாளர் 14 நாளில் முடிவு செய்யவேண்டும். அமைப்பின் தலைவர் 7 நாளில் அதை நாடாளுமன்ற உளவுக் குழுக்களுக்கு அனுப்பவேண்டும். ஆனால் பழிவாங்கலிலிருந்து காப்பாற்ற அந்தச் சட்டத்தில் உறுதியான ஏற்பாடு இல்லை. 2012-இல் ஒபாமா பிறப்பித்த உத்தரவு ஊழியர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு தந்தது; ஸ்னோடனைப் போன்ற ஒப்பந்த நிறுவன ஊழியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கான சட்டப் பாதுகாப்பு 2018-இல்தான் வந்தது.

அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. ஸ்னோடன் வெளியிட்டவற்றில் முதலில் அச்சேறியது ஒரு நீதிமன்ற உத்தரவு. வெரைசான் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரம் முழுவதையும் 2013 ஏப்ரல் 25 முதல் ஜூலை 19 வரை தினந்தோறும் அரசிடம் கொடுக்கவேண்டும் என்பது அது. கையெழுத்திட்டது உளவுக் கண்காணிப்புக்கு அனுமதி தரும் ரகசிய நீதிமன்றத்தின் நீதிபதி. நாடாளுமன்ற உளவுக் குழுக்களுக்கும் திட்டம் தெரியும். மேலே இருப்பவர்கள் எல்லோரும் ஒப்புதல் கொடுத்த ஒன்றைப் பற்றி அவர்களிடமே போய் என்ன புகார் சொல்வது? 2020 செப்டம்பரில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திட்டம் சட்டவிரோதமானது என்றே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்தும் ஸ்னோடன் மீதான குற்றச்சாட்டில் ஒரு புள்ளி மாறவில்லை. இதை நியாயம் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒப்படைப்பு எப்படி நடக்கிறது

இரண்டு வேறு நடவடிக்கைகளையும் நம் செய்தித்தாள்கள் ‘நாடு கடத்தல்’ என்றே எழுதுகின்றன. விசா முடிந்தவரை வெளியேற்றுவது வேறு. ஒரு நாடு கேட்கும் ஆளை இன்னொரு நாடு சட்டப்படி பிடித்துக் கையில் கொடுப்பது வேறு. இரண்டாவதுதான் ஒப்படைப்பு. அதற்கு முதலில் ஒப்பந்தம் வேண்டும். ஹாங்காங்கோடு அமெரிக்காவுக்கு அது இருந்தது. ரஷ்யாவோடு இல்லை.

பொதுவாக முதலில் தற்காலிகக் கைது வேண்டுகோள் போகும், பின்னால் முழு ஆவணங்கள். நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்துக் குற்றத்தை முடிவு செய்வதில்லை. சில சோதனைகளை மட்டும் வைக்கும். அந்தச் செயல் இரு நாட்டிலும் குற்றமா, குறைந்தது ஓராண்டு சிறைக்குரியதா என்பது முதல் சோதனை. எந்தக் குற்றத்துக்காக ஒப்படைக்கிறார்களோ அதற்கு மட்டுமே விசாரிக்கவேண்டும் என்பது இன்னொன்று. மரண தண்டனை வாய்ப்பு இருந்தால் அது கிடையாது என்ற எழுத்துமூல உறுதி தேவை. கடைசியாக அமைச்சர் ஒருவர் கையெழுத்திடவேண்டும்.

இவற்றோடு அரசியல் குற்ற விலக்கு என்ற பழைய விதியும் உண்டு. அரசுக்கு எதிரான குற்றம் என்றால் ஒப்படைக்க மறுக்கலாம் என்பது அது. உளவு, ராஜதுரோகம் ஆகியவை இதன் கீழ் வருபவை என்று காலங்காலமாகக் கருதப்பட்டன. அப்படியானால் உளவுச் சட்ட வழக்கில் இது கைகொடுக்கவேண்டும் அல்லவா? விக்கிலீக்ஸ் இணையதளத்தின் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ச் அப்படித்தான் நினைத்தார். அவர் அரசு ஊழியர் அல்ல, ஆவணங்களை வெளியிட்டவர். ஆனால் அவர் மீதான 18 குற்றச்சாட்டில் 17 இதே உளவுச் சட்டத்தின் கீழ்தான். அமெரிக்காவும் பிரிட்டனும் 2003-இல் போட்ட ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவில் அரசியல் குற்றத்துக்கு ஒப்படைப்பு இல்லை என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அதே 2003-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒப்படைப்புச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் செல்லுபடியாவது நாடாளுமன்றச் சட்டம், இரு அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அல்ல. 2021 ஜனவரி 4 அன்று நீதிபதி வனெஸ்ஸா பரைட்சர் அந்த வாதத்தைத் தள்ளினார். ஆனாலும் அவர் ஒப்படைக்க மறுத்தார், வேறொரு பிரிவின் கீழ்: அமெரிக்கத் தனிமைச் சிறையில் அசாஞ்ச் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் மிக அதிகம் என்று.

உடனே அமெரிக்கா உறுதிமொழிகள் அனுப்பியது. தனிமைப்படுத்தும் சிறப்புக் கட்டுப்பாடுகள் இல்லை, கொலராடோவின் உச்சபட்சப் பாதுகாப்புச் சிறை இல்லை, மனநலச் சிகிச்சை உண்டு, தண்டனையைச் சொந்த நாடான ஆஸ்திரேலியாவில் கழிக்க விண்ணப்பிக்கலாம். அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்று முந்தைய முடிவைப் புரட்டியது. ஆனால் முதல் இரண்டும் முழு உறுதி அல்ல. பின்னால் அவர் செய்யும் ஏதாவது செயலைக் காரணம் காட்டி மீண்டும் விதிக்கும் உரிமையை அமெரிக்கா வைத்துக்கொண்டது. உறுதிமொழி என்ற சொல்லைப் பார்த்ததும் அமைதியாகிவிடாமல், அடியில் என்ன நிபந்தனை என்று பார்ப்பது நல்லது.

வழக்கு கடைசியில் திரும்பியதும் ஓர் உறுதிமொழியால்தான். வெளிநாட்டவரான அசாஞ்ச் அமெரிக்க அரசமைப்பின் பேச்சுச் சுதந்திரப் பாதுகாப்பைக் கோர முடியுமா என்று 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் கேட்டது. அதைக் கோரிப் பார்க்கலாம், பொருந்துமா என்பதை அமெரிக்க நீதிமன்றம் முடிவு செய்யும் என்று பதில் வந்தது. அது போதாது என்று மே 20 அன்று நீதிபதிகள் மேல்முறையீட்டுக்கு அனுமதித்தார்கள். அடுத்த மாதமே சமரசம் முடிந்தது. ஜூன் 26 அன்று பசிபிக்கில் உள்ள சைப்பன் தீவின் நீதிமன்றத்தில் ஒரே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். லண்டனின் பெல்மார்ஷ் சிறையில் கழித்த 62 மாதமே தண்டனை என்று கணக்காகி வீடு திரும்பினார்.

ஸ்னோடனுக்கு வருவோம். கடவுச்சீட்டு இல்லாமல் மாஸ்கோ விமான நிலையத்தில் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தார். ஜூலை 23 அன்று அமெரிக்க அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் ரஷ்ய நீதி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்: மரண தண்டனை கேட்கமாட்டோம், சித்திரவதை இருக்காது, நாடு திரும்ப மட்டும் பயன்படும் குறுகிய காலக் கடவுச்சீட்டு தருவோம். ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யா ஓராண்டுப் புகலிடம் கொடுத்தது. 2022-இல் குடியுரிமை. சொந்தக் குடிமக்களை வெளிநாட்டுக்கு ஒப்படைக்க ரஷ்ய அரசமைப்பின் 61-ஆம் பிரிவு தடை விதிப்பதால், அந்த வாசல் இப்போது முழுதாக அடைபட்டுவிட்டது.

மன்னிப்பு, தண்டனைக் குறைப்பு

இங்கேதான் ‘ஏன்’ என்ற கேள்விக்கு முழு இடம் இருக்கிறது. அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் ஷரத்து, கூட்டாட்சிக் குற்றம் எதையும் மன்னிக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தருகிறது. பதவிநீக்க விசாரணை மட்டும் விதிவிலக்கு. காரணம் சொல்லவேண்டியதில்லை, நாடாளுமன்றத்தைக் கேட்கவேண்டியதில்லை. வழக்கமான பாதை ஒன்று உண்டு. மனு நீதித்துறையின் மன்னிப்பு அலுவலகத்துக்குப் போகும். முழு மன்னிப்பு கேட்பவர் சிறையிலிருந்து வெளியே வந்து ஐந்து ஆண்டு காத்திருக்கவேண்டும். எஃப்.பி.ஐ. பின்னணியை விசாரிக்கும். பரிந்துரை துணை அட்டர்னி ஜெனரல் வழியாக வெள்ளை மாளிகைக்கு ஏறும். ஆனால் இவையெல்லாம் நிர்வாக விதிகள். அதிபர் நினைத்தால் எல்லாவற்றையும் தாண்டிக் கையெழுத்திடலாம்.

மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் ஒன்றல்ல. மன்னிப்பு குற்றத்தையே மன்னிக்கும், குறைப்பு சிறைக்காலத்தை மட்டும் சுருக்கும். இந்த வித்தியாசம் செல்சி மேனிங்கின் வாழ்க்கையில் நன்றாகத் தெரிகிறது. ஈராக்கில் ராணுவ உளவு ஆய்வாளராக இருந்த அவர், லேடி காகா என்று எழுதிய சிடியில் ஆவணங்களைப் பதிந்து வெளியே கொண்டுவந்து விக்கிலீக்ஸுக்குக் கொடுத்தார். 2010 மே மாதம் கைதானார். 2013 ஆகஸ்டில் ராணுவ நீதிமன்றம் 35 ஆண்டு சிறை விதித்தது. ரகசியத்தைப் பத்திரிகைகளுக்குத் தந்த மற்றவர்களுக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம் என்ற காரணத்தால் 2017 ஜனவரி 17 அன்று, பதவியைவிட்டு இறங்க மூன்று நாள் இருக்கையில், ஒபாமா தண்டனையைக் குறைத்தார். மே 17 அன்று மேனிங் விடுதலையானார். குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. அதை எதிர்த்து விடுதலைக்குப் பிறகும் மேல்முறையீட்டை நடத்தவேண்டியிருந்தது, 2018-இல் தோற்றார். 2019-இல் விக்கிலீக்ஸ் பற்றிய கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் சாட்சி சொல்ல மறுத்ததற்காக மீண்டும் சிறை. நாளுக்கு 500 டாலர், பிறகு 1,000 டாலர் என்று அபராதம் ஏறி 2,56,000 டாலரைத் தொட்டது. பழைய தண்டனை குறைந்ததால், புதிதாக வரும் எதிலிருந்தும் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

அதே 2017 ஜனவரி 17 அன்று ஒபாமா முழு மன்னிப்பு வழங்கியவர்களில் ஓய்வுபெற்ற ஜெனரல் ஜேம்ஸ் கார்ட்ரைட்டும் ஒருவர். ரகசியக் கசிவு விசாரணையில் எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டவர். அவருக்குத் தண்டனையே அப்போது விதிக்கப்படவில்லை. நான்கு நட்சத்திர ஜெனரலுக்கு முழு மன்னிப்பு, ஏழாண்டு சிறையில் கழித்த சிப்பாய்க்குக் குறைப்பு மட்டும். குற்றங்கள் வேறு என்பது உண்மை. அதிகாரத்துக்கு யார் அருகில் இருந்தார்கள் என்பதும் உண்மை.

நீதிமன்றத்தின் முன் வந்து நிற்காதவரை மன்னிக்க முடியாது என்று 2016 நவம்பரில் ஸ்னோடன் பற்றி ஒபாமா சொன்னார். சட்டப்படி இது சரியல்ல. குற்றம் நடந்தபின் எந்த நேரத்திலும், வழக்கு தொடங்குமுன்பேகூட மன்னிக்கலாம் என்று 1867-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1974-இல் பதவி விலகிய அதிபர் நிக்சனை அடுத்து வந்த அதிபர் ஃபோர்டு மன்னித்தபோது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. வியட்நாம் போருக்குப் போக மறுத்து வெளிநாடு ஓடியவர்களை 1977-இல் கார்ட்டர் மொத்தமாக மன்னித்தார். உளவுச் சட்டத்திலும் முன்னுதாரணம் உண்டு. சோவியத் கப்பல் கட்டும் தளத்தின் செயற்கைக்கோள் படங்களை ஒரு ராணுவ இதழுக்குக் கொடுத்து 1985-இல் தண்டனை பெற்ற சாமுவேல் மோரிசனை 2001-இல் கிளிண்டன் மன்னித்தார்.

அப்படி ஒரு மன்னிப்பு ஸ்னோடனுக்கு வந்தாலும் அது கூட்டாட்சிக் குற்றத்தை மட்டுமே துடைக்கும். முன்அனுமதி பெறாமல் நூல் வெளியிட்டு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாக அரசு தொடர்ந்த உரிமையியல் வழக்கில், 50 லட்சம் டாலருக்கு மேல் அவருக்கு எதிராக உத்தரவு ஆகியிருக்கிறது. அது பணக்கணக்கு, குற்றவழக்கு அல்ல. பொதுநலன் என்ற வாதத்தை ஜூரி முன் வைக்க அனுமதித்தால் திரும்பி வரத் தயார் என்று அவர் 2019-இல் சொன்னார். அந்த அனுமதியை நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தித்தான் கொடுக்க முடியும். காலம் கடந்து வழக்கு தானாகச் செத்துப்போகும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. நீதியிலிருந்து தப்பி ஓடியவருக்குக் காலவரம்பு ஓடாது என்று அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் 3290-ஆம் பிரிவு சொல்கிறது. 2013 ஜூன் 14 அன்று பதிவான அந்த மூன்று குற்றச்சாட்டும் வர்ஜீனியாவில் உயிரோடு காத்திருக்கின்றன.