பெரிய தொரைன்னு நெனப்பு

தேயிலைத் தோட்டத்தில் புதிதாகக் கங்காணி (தொழிலாளர்களை மேற்பார்க்கிறவர்) வேலை கிடைத்த ஒருவர் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால், இலங்கையின் மலையகத்தில் அவர் காதில் விழாத தூரத்தில் வரும் பேச்சு இதுதான்: "பெரிய தொரைன்னு நெனப்பு."

தொரை என்பது துரையின் பேச்சு வடிவம். தெலுங்கில் தொர, கன்னடத்தில் தொரெ, பொருள் தலைவன், எசமான். தமிழில் இது வெள்ளைக்கார அதிகாரிகளோடு ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் துரைத்தனம் என்றால் அரசாங்கம், துரைத்தனத்தார் என்றால் அரசாங்கத்தார், கேலி எதுவும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் அது பதவிப் பெயரே ஆகிவிட்டது: தோட்டத்தை நடத்துபவர் பெரிய தொரை, அவருக்குக் கீழே சின்ன தொரை, மனைவி தொரைசானி. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரர்கள் போனார்கள், 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனது, ஆனாலும் பங்களாவில் யார் குடியிருக்கிறாரோ அவர் தொரைதான். அதே சொல்லை லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நம்மோடு பிறந்து வளர்ந்தவரைப் பார்த்துச் சொன்னால் கிண்டல். "தொரை, கொஞ்சம் வழி விடுறீங்களா" என்று மரியாதை கூடக்கூடக் குத்தும் கூடும்.

சரி, எழுத்துத் தமிழில் இந்த 'தொரைன்னு நெனப்பு'க்கு என்ன சொல் போடலாம்? பலரும் டம்பம் என்பார்கள். அது வடமொழித் தம்பத்திலிருந்து வந்தது, அங்கே பொருள் பாசாங்கு, வஞ்சனை. நம்ம ஆள் பாசாங்கா செய்கிறார்? தான் பெரிய ஆள் என்று மனதார நம்புகிறார், சிக்கலே அதுதான். பகட்டு உடுப்பிலும் வாகனத்திலும் கல்யாணப் பந்தலிலும் தெரிவது. செருக்கு உள்ளேயே இருந்துவிடலாம், நடையில் தெரியவேண்டும் என்றில்லை. தலைக்கனம் கிட்டத்தட்டப் பொருந்தும். பெருமிதத்தை மட்டும் இந்த வேலைக்கு இழுக்காதீர்கள். கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை என்ற நான்கிலிருந்து அது பிறக்கிறது என்று தொல்காப்பியம் சொல்கிறது, இந்த நாலில் ஒன்றாவது நம்ம ஆளிடம் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

என் தேர்வு தன்வியப்பு. பெருமை எப்போதும் பணியும், சிறுமை தன்னையே வியந்து அலங்கரித்துக்கொள்ளும் என்கிறது 978ஆவது குறள். தன்னைப் பார்த்துத் தானே மலைத்து நிற்பது, அப்புறம் ஊரும் மலைக்கவில்லையே என்று கோபப்படுவது, இரண்டுக்கும் அந்தச் சொல்லில் இடமிருக்கிறது. கட்டுரையில் தாராளமாக எழுதலாம். லயத்து வாசலில் சொன்னால் ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள், அங்கே தொரைதான் செல்லும்.