புராக்டால்ஜியா ஃபியூகாக்ஸ்: வந்துபோகும் குதவலி

புராக்டால்ஜியா ஃபியூகாக்ஸ் என்ற பெயரைத் திக்காமல் சொல்லி முடிப்பதற்குள் சிலருக்கு அந்த வலியே போய்விடும். அவ்வளவு குறுகிய ஆயுள் அதற்கு. ஆனால் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆளை உலுக்கி எடுத்துவிடும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஆசனவாய்க்குச் சற்று உள்ளே, மலக்குடலின் கடைசிப் பகுதியில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் சுரீரென்று கிளம்பி, சில நொடிகளோ சில நிமிடங்களோ நின்று, தானாகவே அடங்கிவிடும் கடும் வலிக்கு இந்தப் பெயர். மலம் கழிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. உறுப்பில் பழுது எதுவும் தெரியாமல் அதன் இயக்கம் மட்டும் கெடுகிற, செயல்பாட்டுக் கோளாறு என்ற வகையில் வரும் குடல் நோய்களுக்கு உலகம் முழுவதும் மருத்துவர்கள் பின்பற்றும் 'ரோம்' வரையறைகள் உண்டு. 2016இல் வந்த அதன் நான்காம் பதிப்பு இந்த வலிக்கு இரண்டு எல்லைகளை வைக்கிறது: அதிகம் போனால் 30 நிமிடத்துக்குள் வலி முடிய வேண்டும், ஒரு முறை வந்ததற்கும் அடுத்த முறை வருவதற்கும் நடுவே அந்த இடத்தில் வலியே இருக்கக் கூடாது. இதே போன்ற வலியைத் தரும் வேறு நோய் எதுவும் இல்லை என்பதும் உறுதியாகியிருக்க வேண்டும்.

பகலிலும் வரும் என்றாலும் நல்ல தூக்கத்தில் எழுப்பிவிடுவதற்குப் பேர்போனது இது. வலி வந்தவர் அவசரம் என்று நினைத்துக் கழிப்பறைக்கு ஓடுவார். போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. சுவரில் கையை ஊன்றிக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். நெற்றியெல்லாம் வியர்த்துவிடும். சிலருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். பத்து நிமிடம் கழித்துப் படுக்கைக்குத் திரும்பும்போது வலி இருந்த சுவடே இருக்காது. "என்னங்க, வயிறு சரியில்லையா?" என்று மனைவி கேட்டால், "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வதுதான் சுலபம். வேறு என்னவென்று சொல்வது?

சரி, பெயருக்கு வருவோம். அது பாதி கிரேக்கம், பாதி லத்தீன். 'புராக்டோஸ்' கிரேக்கத்தில் ஆசனவாய். 'ஆல்கோஸ்' வலி. நரம்புவலியைக் குறிக்கும் நியூரால்ஜியா, தசைவலியைக் குறிக்கும் மயால்ஜியா எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஆல்கோஸ்தான். நாஸ்டால்ஜியாவிலும் அதேதான், இன்று இனிமையான பழைய நினைவு என்ற பொருளில் புழங்கும் அந்தச் சொல்லை 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகக் காட்டத்தான் உண்டாக்கினார். 'ஃபியூகாக்ஸ்' லத்தீன்: ஓடிவிடுவது, நில்லாதது. ரெஃபியூஜி, ஃபியூஜிடிவ் ஆகியவற்றுக்கும் அதே வேர். கண் பார்வை சில நிமிடம் இருண்டு திரும்பி வருவதற்கு அமொரோசிஸ் ஃபியூகாக்ஸ் என்று ஒரு பெயர் இருக்கிறது. அங்கேயும் ஃபியூகாக்ஸுக்கு இதே வேலைதான்.

இந்தப் பெயரை வைத்தவர் தைசன் என்ற டென்மார்க் மருத்துவர். 1935இல் 'லான்செட்' மருத்துவ இதழில், அதிகம் அறியப்படாத ஒரு மலக்குடல் வலி என்று இதைப் பற்றி எழுதினார். வலி அதற்கு முன்பும் இருந்தது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் முற்றி முதுகுத்தண்டைத் தாக்கும்போது மலக்குடலில் இப்படி வெட்டி இழுக்கும் வலி வருவது பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சிபிலிஸ் இல்லாத ஒருவருக்கு இந்த வலி வந்தபோது, 'அது அல்லாத' வலி என்றுதான் அடையாளம் சொல்ல முடிந்தது. பெயர் இல்லாத நோய்க்கு இதைவிடப் பெரிய தொல்லை என்ன இருக்கிறது? வந்து பார்ப்பவரிடம் முதலில் உன் நடத்தை எப்படி என்றல்லவா கேட்பார்கள்! தைசன் தன் பெயரில் காரணம் எதையும் சொல்லவில்லை. எங்கே வலிக்கிறது, எப்படிப் போகிறது, அவ்வளவுதான். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் காரணம் முழுதாகப் பிடிபடவில்லை.

தமிழில் இதற்கு ஒரு பெயர் வைக்க வந்தால் முதல் சிக்கல் இடத்தின் பெயரிலேயே தொடங்குகிறது. இந்த உறுப்பை நேராகச் சொல்ல எந்த மொழிக்கும் கூச்சம்தான். லத்தீன் 'ஆனுஸ்' என்றால் வளையம். புராக்டோஸ் பழைய கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் தெருப்பேச்சாக வரும் சொல். அவர்களுடைய மருத்துவ நூல்களில் 'இருக்கை' என்று பொருள்படும் ஹெட்ரா என்ற சொல்லும் உண்டு. நாம் ஆசனவாய் என்கிறோமே, ஆசனம் என்றாலும் இருக்கைதான். தமிழில் கூசாமல் நின்ற சொல் எருவாய். சித்தர் மரபில் மூலாதாரம் இருக்கும் இடத்தைச் சொல்லும்போது எருவாயும் கருவாயும் சர்வசாதாரணமாக வரும். இன்று அதைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. குதம் வடமொழி வழி வந்தது. மருத்துவத் தமிழில் நன்றாக வேரூன்றிவிட்டது. மலத்துளை, மலவாய் பாடப் புத்தகத்துச் சொற்கள். மலக்குடலுக்கு ஈழத்துப் பாடநூல்களில் நேர்குடல் என்று பெயர். அது ரெக்டம் என்ற லத்தீன் சொல்லின் நேர் பெயர்ப்பு. ரெக்டம் என்றால் நேரானது. விலங்குகளை அறுத்துப் பார்த்த பழைய மருத்துவர்கள் அங்கே கண்ட நேர்க்குழாயை மனிதனுக்கும் பொருத்திவிட்டார்கள். மனிதக் குடலில் அந்தப் பகுதி வளைந்துதான் போகிறது.

அடுத்தது வலியின் பெயர். இங்கேதான் நம் மொழி பணக்கார மொழி. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இசிவு, பிடிப்பு, சூலை என்று அடுக்கிக்கொண்டே போகலாம், ஒவ்வொன்றும் வேறு வேறு. கடுப்பு இங்கே சரிப்படாது: சீதக்கடுப்பு, நீர்க்கடுப்பு என்று நாம் சொல்வதெல்லாம் கழிவோடு சேர்ந்து வருவது. சூலை கம்பீரமான சொல்தான். திருவதிகையில் திருநாவுக்கரசர் பட்ட துன்பம் சூலை நோய் என்பதை அறியாதவர் குறைவு. ஆனால் அது வயிற்றுக்கு உள்ளே முறுக்கும் வலி. கீழே இறக்கிக் கொண்டுவந்தால் படிப்பவர் குழம்பிப்போவார். இசிவு மருத்துவத் தமிழில் ஸ்பாஸம் என்பதற்கு நல்ல சொல். ஆனால் பேச்சில் அதைக் கேட்டே பல நாளாகிறது. கேட்டாலும் வலிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பிடிப்பு எல்லார் வாயிலும் இருக்கிறது: இடுப்புப் பிடிப்பு, வாயுப் பிடிப்பு, கெண்டைக்கால் பிடிப்பு. தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வலியைச் சட்டென்று விளக்கிவிடலாம்: அதே மாதிரிதான், இடம்தான் வேறு.

அப்படியானால் குதப்பிடிப்பு என்று வைத்துவிடலாமே? பேச்சுக்குச் சரி. ஆனால் எழுத்தில், அதுவும் நோயின் பெயராக, எனக்குத் தயக்கம் இருக்கிறது. பிடிப்பு என்று சொன்னதும் தசைதான் காரணம் என்று முடிவு சொன்னதாகிவிடுகிறது. சந்தேகம் அந்தப் பக்கம்தான், உண்மை. ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத் தசைகள் உண்டு. வெளியே இருப்பது நம் சொல்பேச்சுக் கேட்கும், உள்ளே இருப்பது கேட்காது. அந்த உள் தசை திடீரென்று இறுகிக்கொள்வதுதான் வலி என்பது பரவலான கருத்து. பரம்பரையாக இந்த வலி வரும் சில குடும்பங்களில் உள் சுருக்குத் தசை வழக்கத்தைவிடத் தடித்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சோதனையில் ஒன்றுமே தெரிவதில்லை. வலிக்கும் நேரத்தில் சோதிக்க வாய்ப்பே இல்லை, மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

'தப்பியோடும் குதவலி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போலீஸ் தேடுகிற வலி போல இருக்கிறது. 'நிலையா', 'விரைமறை' என்றெல்லாம் முன்னொட்டு போட்டுக் கலைச்சொல் செய்யலாம், யாரும் சொல்ல மாட்டார்கள். என் தேர்வு 'வந்துபோகும் குதவலி'. தைசன் சொன்னதற்கு ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காரணம் சொல்வதாகப் பாவனை இல்லை. 'போகும்' என்பது பெயரிலேயே இருப்பதால் நோயாளிக்குக் கொஞ்சம் தெம்பும் கிடைக்கும்.

தமிழ்ப் பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: இது இல்லாத இடத்தில் 'மூலம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆசனவாய்ப் பக்கம் எது நடந்தாலும் நம் ஊரில் மூலம்தான். வெடிப்பு வந்தாலும் மூலம், பவுத்திரம் வந்தாலும் மூலம், அரிப்பு எடுத்தாலும் மூலம். அப்புறம் என்ன, கருணைக்கிழங்கு, துத்திக்கீரை, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிய 'மூலம் பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல்' போஸ்டர். மூலத்தில் ரத்தம் வரலாம், சதை தள்ளலாம். நடுராத்திரி வந்து பத்து நிமிடத்தில் சுவடில்லாமல் போகும் வலி அதன் வேலை இல்லை. வெடிப்பின் வலி மலம் கழிக்கும்போது கிழிப்பது போல வரும், பிறகும் வெகுநேரம் எரியும். இரண்டும் வேறு என்று தெரியாமல் வருடக்கணக்கில் தைலம் தடவுகிறவர்கள் உண்டு.

இது அபூர்வ நோயும் இல்லை. வெவ்வேறு ஆய்வுகளில் நூற்றுக்கு 4 முதல் 18 பேர் வரை தங்களுக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் மருத்துவரிடம் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பலருக்கு ஆண்டுக்கு நாலைந்து முறை வந்தாலே அதிகம் என்பது ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு இருப்பார்கள். வந்துபோகும் குதவலி புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் அது இதுதானா என்று ஒரு தடவை சோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். மலத்தில் ரத்தம், உடல் எடை குறைவது, காய்ச்சல், வீக்கம், மலம் போகும் வழக்கம் மாறுவது, நாள் முழுக்க விடாத வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பெயரை மறந்துவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலி வரும்போது என்ன செய்வது? பொறுக்கிற சூட்டில் வெந்நீரை அகலமான டப்பில் ஊற்றி இடுப்பளவு உட்காருவது பலருக்குக் கேட்கிறது. சூடு தசையைத் தளர்த்தும். குந்தி உட்கார்ந்தால் சிலருக்கு விடும். வலிமாத்திரை விழுங்குவதில் அர்த்தமில்லை, அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் வலி போயிருக்கும். 1996இல் ஜெர்மன் மருத்துவர்கள் 18 பேரிடம் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி நீடிக்கும் நேரம் குறைந்தது. நெஞ்சுக்கு உறிஞ்சும் மருந்து கீழே எப்படி வேலை செய்யும் என்றால், அது ரத்தத்தில் கலந்து நம் கட்டுப்பாட்டில் இல்லாத தசைகளைத் தளர்த்தும் மருந்து. வீட்டில் யாருடைய இன்ஹேலரோ இருக்கிறதே என்று எடுத்து அடிக்கக் கூடாது. படபடப்பு வரும், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. அடிக்கடி வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எப்போதாவது வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

இதன் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார்: லெவேட்டர் ஏனை சிண்ட்ரோம். மலக்குடலைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடுப்புத்தளத் தசைகளில் மந்தமாக, பாரமாக, 30 நிமிடத்துக்கு மேல் நீளும் வலி. நெடுநேரம் உட்கார்ந்தால் கூடும். அதை இடுப்புத்தளத் தசைவலி என்று சொல்லலாம். வால் எலும்பில் வரும் வலி வேறு, அதற்கு வால் எலும்பு வலி என்ற பெயரே போதும்.

மருத்துவரிடம் போகும்போது கலைச்சொல் எதுவும் தேவையில்லை. "டாக்டர், மோஷன் போற இடத்துக்கு உள்ளே திடீர்னு சுண்டி இழுக்குது, அஞ்சு பத்து நிமிஷத்துல தானா போயிடுது, நடுவுல ஒண்ணுமே இல்ல" என்று சொன்னால் போதும். எத்தனை நிமிடம் நிற்கிறது, மலம் கழிப்பதோடு சேர்ந்து வருகிறதா, ரத்தம் உண்டா என்று அவர் கேட்பார். அதற்கான பதில்களைக் கையில் வைத்திருங்கள்.